முச்சந்தியில் போட வேண்டியது

காலேஜ்ல நான் வரலாறு எடுக்கிறேன். மூணாவது வருஷப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு ஒரு பேப்பர் இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற வகுப்பு அது. வரி, தேயிலை, போர்னு நான் சொல்லச் சொல்ல கடைசி பெஞ்சு வரிசையா சாயும். ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க. பியூரிட்டன்கள் குடியேறின ஒரு ஊர்ல, சூனியக்காரின்னு சொல்லி ஆளுங்களைப் பிடிச்சு, விசாரிச்சு, தூக்குல போட்ட பாடம். அந்த ஊர் பேரு சேலம்னு சொன்னதும், "நம்ம ஏற்காட்டுக்குக் கீழ இருக்கிற சேலமா மேடம்?"னு வருஷா வருஷம் ஒருத்தர் கேப்பாங்க. நானும் வருஷா வருஷம் இல்லப்பான்னு சொல்லுவேன்.

சின்னப் பொண்ணுங்க நாலு பேரு கை கால் இழுத்துக்கினு விழறாங்க. வைத்தியருக்கு ஒண்ணும் புரியல. சாத்தானோட வேலைன்னு மதகுருமாருங்க நம்புறாங்க. யாரு செஞ்சதுன்னு தேட ஆரம்பிச்சா, முதல்ல யார் பேரு வரும்? வூடு வூடாப் போய்ப் பிச்சை எடுத்த ஒருத்தி, ஒரு அடிமைப் பெண், சர்ச்சுக்கு ஒழுங்கா வராத ஒருத்தி. அவளோட உருவம் வந்து என்னைக் கிள்ளுச்சுன்னு ஒரு பொண்ணு சொன்னா அதுவே சாட்சி. இதுல பெரிய வேடிக்கை, ஆமா நான் சூனியக்காரிதான்னு ஒப்புக்கிட்டவங்க பிழைச்சாங்க. இல்லவே இல்லைன்னு நின்னவங்களைத்தான் தூக்குல போட்டாங்க. "அப்ப ஆமான்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே மேடம்?"னு ஒரு பொண்ணு கேட்டா. "அவங்களுக்குப் பொய் சத்தியம் பண்றதுல பயம், சாமி பயம்"னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பரீட்சைக்கு அந்த அளவு போதும்.

காலேஜ்ல எந்த விழாவா இருந்தாலும் மூடநம்பிக்கை ஒழிப்புன்னு ஒரு தலைப்பு வெச்சு என்னைத்தான் மேடையில ஏத்துவாங்க. நானும் பேய், பில்லி, சூனியம் எல்லாத்தையும் ஒரு பிடி பிடிச்சுட்டுப் பொன்னாடையோட இறங்குவேன். வீட்டுல அந்த மாதிரிப் பொன்னாடை ஒரு மூட்டை இருக்கு.

இப்ப இன்னொரு மூட்டையைப் பத்திச் சொல்லணும்.

போன வருஷம் சித்திரையில என் பையன் ரெண்டாவது தடவையா நீட் எழுதினான். முதல் தடவை கொஞ்சத்துல போச்சு. ரெண்டாவது தடவைக்கு அவன் படிச்சதை விட நான் பயந்தது ஜாஸ்தி. அதுக்கு முன்னாடி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கல்வராயன் மலைக்கு முகாம் போயிருந்தப்போ, அங்க தேன் வித்துக்கினு இருந்த ஒருத்தர்கிட்ட, சும்மா கேக்கிற மாதிரி, "பரீட்சைக்கு ஏதாச்சும் பண்ணுவாங்களாமே உங்க பக்கத்துல?"ன்னு கேட்டேன். மலையில இருக்கிறவங்களுக்கு மந்திரம் தெரியும்னு கீழ இருக்கிற எங்களுக்கெல்லாம் ஒரு நெனப்பு. அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "எங்களுக்கு ஏதாச்சும்னா நாங்கதான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவோம். அங்கதான் பெரிய ஆளுங்க இருக்காங்கன்னு சொல்றாங்க"ன்னாரு. தேன் மட்டும் வாங்கிக்கிட்டு வந்தேன்.

கடைசியில வழி சொன்னது எங்க காலேஜ் இயற்பியல் மேடம். ஒளியோட வேகத்தைச் சொல்ற அதே குரல்ல சொன்னாங்க. காஞ்ச மிளகா அஞ்சு, கல்லுப்பு, கடுகு, ஒரு எலுமிச்சம்பழம், பையனோட தலைமுடி கொஞ்சம், அவன் போட்ட துணியில ஒரு துண்டு, ஒரு பாஸ்போர்ட் போட்டோ. எல்லாத்தையும் சிவப்புத் துணியில முடிஞ்சு, அவனை நிக்க வெச்சு மூணு சுத்து சுத்தி, முச்சந்தியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். எந்தக் கண்ணு பட்டிருந்தாலும் கழிஞ்சுடும். "இது நம்பிக்கை இல்ல மேடம், ஒரு மனதைரியம்"னு முடிச்சாங்க. நானும் அப்படியே எடுத்துக்கிட்டேன்.

எங்க ஊரு தியாகதுருகத்துக்குப் பக்கத்துல. வயல்ல நின்னா மலைக்கோட்டை தெரியும். ஊர் முச்சந்தியிலதான் பஸ் ஸ்டாப், டீக்கடை, என் பிள்ளைகள் பாதிப்பேரு பஸ்ஸுக்கு நிக்கிற இடம். மூடநம்பிக்கை ஒழிப்பு மேடம் மிளகா மூட்டையோட அங்க போய் நிக்க முடியுமா? அதனால ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். அக்கினி வெயில், ஊரே கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கற நேரம், தோசைக் கரண்டியை எடுத்துக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால போனேன். வேப்பமரத்தடியில குழி தோண்டி மூட்டையைப் புதைச்சேன்.

எங்க பக்கம் சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும், கழிச்சதைப் போடணும், புதைக்கக் கூடாது. போட்டா திருஷ்டி. புதைச்சா செய்வினை. எனக்கும் தெரியும். ஆனா வெக்கம் வந்தா புத்தி போயிடும்னு சும்மாவா சொன்னாங்க.

மண்ணைத் தள்ளிக்கினு இருந்தப்போ தலையில புல்லுக்கட்டோட ஒரு அக்கா வந்து நின்னுச்சு. நடவுக்கும் களை எடுக்கவும் பொம்பளைங்களைச் சேர்த்துக் கூட்டிக்கினு போற அக்கா. எங்க வயலுக்கும் அதுதான் வரும். சொந்தமா ஒரு செண்ட் நிலம் கிடையாது, புருஷன் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. வாய் மட்டும் சொத்து மாதிரி இருக்கும்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல?"

"துளசி வெக்கிறேன்கா."

"தோசைக் கரண்டியிலயா?"

"களைக்கொட்டு எங்க இருக்குன்னு தெரியல."

அக்கா குழியைப் பார்த்துச்சு. என் கையைப் பார்த்துச்சு. கையில துளசி இல்ல. "சரி, நல்லா வளரட்டும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. கரண்டி வளைஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரி தோசை ஏன் பிஞ்சு பிஞ்சு வருதுன்னு எங்க வூட்டுக்காரர் கேட்டாரு. மாவு சரியில்லன்னு சொன்னேன்.

பையன் பாஸ் ஆகல. இப்ப விவசாயம் படிக்கிறான், சந்தோஷமாத்தான் இருக்கான். ஆகவே அந்த மூட்டைக்கு ஒரு சக்தியும் இல்லன்னு ஆதாரத்தோட தெரிஞ்ச ஒரே ஆளு இந்த ஊர்ல நான்தான்.

இந்த வருஷம் ஆடியில கூழ் ஊத்தறதுக்குப் பந்தல் போடக் கோயில் பின்னால குழி எடுத்தாங்க. மூட்டை வெளியில வந்துடுச்சு. சிவப்புத் துணி பாலியஸ்டர், அது எங்க மக்கும்? அரை மணி நேரத்துல ஊரே வேப்பமரத்தடியில. போட்டோவுல ஈரம் ஏறி முகம் அழிஞ்சு போயிருந்துச்சு. தோள் மட்டும் இருந்துச்சு, ஒரு காலர், கொஞ்சம் காது. அந்தக் காதைப் பார்த்து மூணு அம்மாங்க ஒரே நேரத்துல "ஐயோ, எம் புள்ள"ன்னு மாரைப் பிடிச்சாங்க. நாலாவது அம்மா நான். வாயே திறக்கல.

கோயில் தர்மகர்த்தா வந்து பார்த்துட்டு, அது அவர் பெரிய பையன்தான்னு முடிவு பண்ணாரு. அதுக்குக் காரணம் இருந்துச்சு. மாசி மாசம் அந்தப் பையன் பேர்ல இருக்கிற மேட்டுக் காட்டுல தண்ணிக்குப் போர் போட்டாங்க. அறுநூறு அடி இறங்கியும் புழுதிதான் பறந்துச்சு. வண்டி வந்த அன்னைக்கே நம்ம நடவு அக்கா வரப்புல நின்னு, "அங்க தண்ணி வராதுங்க"ன்னு சொல்லியிருக்கு. முப்பது வருஷமா அந்தக் காட்டுல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கின கை அது. கீழ பாறைன்னு அதுக்குத் தெரியாதா? ஆனா தர்மகர்த்தா காதுல அது அறிவா விழல, சாபமா விழுந்துச்சு. இப்ப மூட்டையும் கிடைச்சுதா, ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டாரு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயில்ல விசாரணைன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல அம்மன் வர்றது ஒரு மாமா மேல. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. சர்வீஸ்ல இருந்த காலத்துல அம்மன் லீவு நாள்ல மட்டும்தான் வரும். இப்ப வெள்ளிக்கிழமை தவறாது. நல்ல மனுஷன். எங்க வீட்டு மீட்டர்ல பல்லி பூந்தா இன்னைக்கும் அவரைத்தான் கூப்பிடுவேன். அன்னைக்குப் பம்பை அடிச்சதும் வேப்பிலையைப் பிடிச்சுக்கிட்டு ஆடினாரு. "என் மண்ணைத் தீட்டாக்கினவ இங்கயேதான் நிக்கிறா"ன்னாரு. எனக்கு உச்சந்தலையில குப்புன்னு வேர்த்துச்சு. அம்மனுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னே நெனச்சேன், அமெரிக்க வரலாறெல்லாம் எங்க போச்சோ. உடனே அடுத்த வார்த்தை வந்துச்சு: "நாக்குல வெச்சிருக்கா விஷத்தை." ஊரே திரும்பி நடவு அக்காவைப் பார்த்துச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. அப்படி மூச்சு விட்டதை இப்ப நெனச்சாலும் எனக்கு என் மேல கோவம் வருது.

தீர்ப்பு முன்னாடியே தயாரா இருந்துச்சு. அக்கா செஞ்சதுன்னு ஆயிட்டா, கோயில்ல கூழ் கிடையாது, நடவுக்கு யாரும் கூப்பிடக் கூடாது, அதோட சேர்ந்து யாரும் வேலைக்குப் போகக் கூடாது. ஆடிப் பட்டம். இந்த ரெண்டு மாச நடவுலதான் அந்த வூட்டுல அடுப்பு எரியணும்.

நான் எழுந்து பேசினேன். பேசாம இருப்பேனா? முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல இப்படித்தான்னு ஆரம்பிச்சு, மதம், அதிகாரம், பயம், பக்கத்து வீட்டுப் பகைன்னு இருபது நிமிஷம் பேசினேன். மரியாதையா கேட்டாங்க. அம்மன் கூட ஆடறதை நிறுத்திட்டுக் கேட்டுச்சு. முடிச்சதும் லைன்மேன் மாமா, "டீச்சர் எப்பவும் நல்லா பேசும்"னு சொன்னாரு. அப்புறம் கற்பூரத் தட்டைக் கொண்டாரச் சொன்னாரு. என் கடமையைச் செஞ்சுட்டேன்னு நானும் உக்காந்துட்டேன். மூட்டை என்னோடதுன்னு சொல்ல ரெண்டு விநாடி போதும். அதை மட்டும் சொல்லல.

எங்க பக்கம் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றதுக்கு மேல கோர்ட்டு கிடையாது. அம்மன் எதிர்க்க கற்பூரம் ஏத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரியிற கட்டியை உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். பொய்யா அணைச்சா குடும்பம் விளங்காது. தர்மகர்த்தா ரெண்டு கட்டி வெச்சாரு. ஒண்ணு, இதை நான் வெக்கலன்னு சொல்லி. இன்னொண்ணு, யாரு வெச்சான்னும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லி.

அக்கா முன்னால வந்துச்சு. "ஆத்தா, இத நான் வெக்கல"ன்னு சொல்லிட்டு, பட்டுன்னு அடிச்சு அணைச்சுது. கை கறுத்துப் போச்சு. ரெண்டாவது கட்டியை ஏத்தினாங்க. அக்கா கையைத் தூக்கல.

"இன்னா, அணை" தர்மகர்த்தா சொன்னாரு.

"அத அணைக்க மாட்டேங்க."

"ஏன்?"

"தெரியும். அதான்."

கூட்டம் கொய்ங்குன்னு ஆச்சு. "தெரியும்னா யாரு, சொல்லு"ன்னாரு.

"சொல்ல மாட்டேங்க."

"அப்ப நீதான்."

அக்கா கற்பூரத்தையே பார்த்துச்சு. என் பக்கம் திரும்பவும் இல்ல. அது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா கூட, காட்டிக் கொடுக்கப் பாக்குதுன்னு கோவப்பட்டிருப்பேன், எனக்கு ஒரு சாக்கு கிடைச்சிருக்கும். கற்பூரம் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அது தானா அணைஞ்சா தீர்ப்பு. வகுப்புல அந்தப் பொண்ணு கேட்டது ஞாபகம் வந்துச்சு, ஆமான்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானேன்னு. இங்க ஒரு பொம்பளை, தெரியாதுன்னு ஒரு வார்த்தை பொய் சொல்லி அணைச்சிருந்தா போதும், பிழைச்சிருக்கும். சொல்லல. எனக்கு அவமானமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. எழுந்துட்டேன்.

"மாமா, அது என்னோடது."

யாரும் நம்பல. அதுதான் கூத்து. லைன்மேன் மாமா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "பாவம் டீச்சர், அவளைக் காப்பாத்த இன்னா மனசு பாரு"ன்னாரு. தர்மகர்த்தா என்னை உக்காரச் சொன்னாரு. பொய்யைச் சொல்லி நம்ப வெக்கிறது சுலபம் போல. என் உண்மையை நம்ப வெக்க நான் ஸ்கூட்டி சீட்டைத் திறக்க வேண்டியதாப் போச்சு. பையனோட அந்தப் பழைய சட்டையில மிச்சத்தை வண்டி துடைக்க வெச்சிருந்தேன். மூட்டைக்குள்ள இருந்த துண்டை எடுத்து அதோட வெட்டின இடத்துல வெச்சேன். கட்டத்துக்குக் கட்டம் சேர்ந்துச்சு. துண்டுல இருந்த வெள்ளை பட்டன் கறுப்பு நூல்ல தெச்சிருந்துச்சு, சட்டையில மத்த பட்டனும் அப்படித்தான். அவசரத்துல நான்தான் கறுப்பு நூல்ல தெச்சேன். தோசைக் கரண்டியைப் பத்திச் சொன்னப்போதான் எங்க வூட்டுக்காரர் நிமிர்ந்தாரு. "அதான் தோசையா?"ன்னு கேட்டாரு.

அப்புறம் சிரிப்புதான். முதல்ல ஒருத்தி சிரிச்சா, அப்புறம் ஊரே சிரிச்சுது. "ஏம்மா, இம்மாம் படிச்சுட்டு, முச்சந்தியில போடணும்னு தெரியாதா?"ன்னு ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுத்தாங்க. எலுமிச்சம்பழத்தை நாலா வெட்டிக் குங்குமம் தடவியிருக்கணும்னு ஒரு அத்தை திருத்திச்சு. "புள்ள மேல இருக்கிற பாசம், தப்பில்ல, அம்மன் மன்னிச்சுட்டா"ன்னு மாமா என் நெத்தியில விபூதி வெச்சாரு. மூணு அம்மாங்களும் அந்தக் காது அவங்க பையன் காதே இல்லன்னு அப்பவே தெரியும்னாங்க. "அப்ப என் போர்ல ஏன் தண்ணி வரல?"ன்னு தர்மகர்த்தா கேட்டாரு. "கீழ பாறைப்பா"ன்னு பின்னாலேர்ந்து ஒரு ஆம்பளைக் குரல் வந்துச்சு. ஆம்பளை சொன்னதால அது சாபமா ஆகல, எல்லாரும் தலையாட்டினாங்க.

அஞ்சு நிமிஷத்துல எனக்கு மன்னிப்பு கிடைச்சுடுச்சு. அதே மூட்டை, அதே மிளகா, அதே குழி. என் கைன்னு தெரிஞ்சதும் அது திருஷ்டி ஆயிடுச்சு. நான் பாடத்துல சொல்லுவேனே, ஒப்புக்கிட்டவங்க பிழைச்சாங்கன்னு, அது நான்தான். அக்காகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. நானும் அந்தக் கூச்சல்ல சொல்லல. திரும்பிப் பார்த்தா, கறுத்த கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு அது வீட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் சொம்புக் கூழ் எனக்குத்தான் ஊத்தினாங்க. அக்கா வரல.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு எங்க வயல்ல நடவு. அக்காதான் ஆளு கூட்டிக்கினு வந்துச்சு, வேலை போகல, அந்த வரைக்கும் நல்லது. காலேஜ் லீவு, நானும் வரப்புல போய் நின்னேன். நடவு பொம்பளைங்க எப்பவும் அக்கா கொண்டு வர்ற குடத்துலதான் தண்ணி குடிப்பாங்க. ஒரே சொம்பு, கை மாறிக்கிட்டே போகும். அன்னைக்குப் பார்த்தா வரப்பு முழுக்க பிளாஸ்டிக் பாட்டில். ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்திருந்தாங்க. அக்கா குடம் பூவரச மரத்து நிழல்ல தனியா இருந்துச்சு, தண்ணி கழுத்து வரைக்கும் அப்படியே இருந்துச்சு.

வெத்தலை போட அக்கா கரையேறினப்போ பக்கத்துல போய் உக்காந்தேன்.

"அன்னைக்கே ஏன்கா சொல்லல, நான்தான்னு?"

"சொன்னா?" அக்கா பாக்கைக் கடிச்சுக்கினே சிரிச்சுது. "டீச்சர் மேலயே பழி போடறா பாருன்னு அதுக்கும் சேத்து தண்டனை வெச்சிருப்பாங்க. நீங்க சொல்லியே நம்பல, நான் சொல்லியா நம்புவாங்க?"

"தெரியாதுன்னாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆத்தாகிட்டயா? அவ இன்னா லைன்மேனா, சொன்னத நம்ப?"

தப்பு என்னோடதுக்கா, மன்னிச்சுடுன்னு சொன்னேன். ரெண்டு வாரம் லேட்டா சொன்னேன். "சரி வுடுங்க"ன்னுச்சு. அப்புறம் நான் எல்லாரும் பாக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமாவே, "எனக்குத் தாகமா இருக்கு, உன் குடத்துல கொஞ்சம் தண்ணி குடு"ன்னு கேட்டேன். நாத்து நட்டுக்கினு இருந்த அத்தனை முதுகும் நிமிர்ந்துச்சு. அக்கா சொம்புல மொண்டு குடுத்துச்சு. அண்ணாந்து, ஒரு சொட்டு விடாம குடிச்சேன். மேடையில பேசினதெல்லாம் போகட்டும், நான் செஞ்ச ஒரே மூடநம்பிக்கை ஒழிப்பு இதுதான்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை கூட வந்துச்சு.

அக்கா காலி சொம்பை உள்ள எட்டிப் பார்த்துச்சு. "குடிச்சிட்டீங்களா? போச்சு. உங்க புள்ளைக்கு விவசாயத்துலயும் மார்க்கு வராது பாருங்க"ன்னு உரக்கச் சொல்லுச்சு.

வயல்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அக்கா சொம்பை மறுபடியும் மொண்டு, அவங்க பக்கமா நீட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு நாத்து நட ஆரம்பிச்சாங்க. சொம்பை வாங்க ஒருத்தரும் கை நீட்டல.